திரைச்சீலையின் மூலையில் இரண்டு கைகள்

(1974ஆம் ஆண்டு, கூழாவடி வாசிகசாலையின் ஆண்டு விழாவில், தமக்கு எடுக்கப்பட்ட பாராட்டுக்குச் சித்திர ஆசிரியை சறோஜினிதேவி ஆற்றிய ஏற்புரை)

பெருமதிப்புக்குரிய தலைவர் அவர்களே! இந்த வாசிகசாலைக்குத் தலைவராகவும், எங்கள் பிள்ளையார் கோவிலுக்கு முகாமையாளராகவும், தென்னிலங்கையில் ஒரு கடைக்கு முதலாளியாகவும், ஒரே உடம்பில் மூன்று பாரம் சுமந்தும் முகம் சுளிக்காத திரு. விநாயகமூர்த்தி அவர்களே! அறிவிலும் அகவையிலும் முதிர்ந்த ஆன்றோர்களே! ஆன்றோர்களுக்குப் பக்கத்துக் கதிரை கிடைத்ததால் ஆன்றோர் ஆகிவிட்ட ஏனையோரே! மடியிலே பிள்ளையும், மனதிலே அடுப்பில் வைத்துவிட்டு வந்த உலையுமாக அமர்ந்திருக்கும் தாய்மாரே! உள்ளே கதிரைகள் வெறுமையாகக் கிடக்க, யன்னலுக்கு வெளியே நின்று கேட்கின்ற என் சகோதரிகளே, சகோதரர்களே! உங்கள் அனைவருக்கும் இந்த எளியவளின் அன்பு கனிந்த மாலை வணக்கம்.

முதலில் பொன்னாடைக்கு நன்றி சொல்ல வேண்டும். இந்தப் பொன்னாடையை நான் நன்றாக அறிவேன். போன வருடம் தபாலதிபரின் தோளில் இருந்தது. அதற்கு முதல் வருடம் சங்கீத பூஷணத்தின் தோளில் இருந்தது. இறக்குமதித் தடை வந்த நாள் முதலாய் எங்கள் ஊரின் பெருமை முழுவதையும் ஒற்றைச் சால்வை சுமந்து திரிகிறது. நாளைக் காலை செயலாளர் வந்து இதைத் திருப்பி வாங்கிச் செல்வார். அதுவரை இது என்னுடையது. அதற்காக நன்றி.

மேசை விரிப்புக்கு எனக்கே நான் நன்றி சொல்லிக்கொள்கிறேன். விரிக்கத் துணி இல்லையே என்று செயலாளர் மாலையில் ஓடித் திரிந்தார். நான் வீட்டிலிருந்து கொண்டுவந்து விரித்தேன். தலைவர் அவர்கள் தடவித் தடிப்புப் பார்த்து, "நல்ல மொத்தத் துணி, ரீச்சர்" என்று பாராட்டினார். கடைக்காரர் வாயால் கிடைத்த பாராட்டு. பொன்னாடையைவிட அது பெரிது.

எனக்கு முன் பேசியவர்கள் என்னை என்னவெல்லாம் சொன்னார்கள்! இயற்கை அன்னையின் இளைய மகள் என்றார் ஒருவர். ஐம்பதைத் தாண்டியவளை இளையவள் என்று சொல்ல எவ்வளவு பெரிய மனம் வேண்டும்! இலையின் இதயத் துடிப்பைக் கேட்ட செவி என்றார் இன்னொருவர். நல்லது. ஆனால் என் ஞாபகம் பொல்லாதது. சில வருடங்களுக்கு முன் இதே ஊர், இதே வாயால், இதே என்னை என்னவென்று சொன்னது? இலைக்குக் கரி பூசுகிற விசரி என்று சொன்னது. அப்போது யாரும் பொன்னாடை கொண்டு வரவில்லை.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். சொன்னவர்கள்தான் சத்தமாய்ச் சிரிக்கிறீர்கள்.

அந்த நாளில் நான் வேலி வேலியாய்த் திரிவேன். பூவரசு, கிளுவை, எருக்கலை, முள்முருக்கு என்று கண்ட இலையெல்லாம் பறித்துப் பன்பெட்டியில் போடுவேன். எங்கள் ஊரில் ஒருத்தி குழை பறித்தால் அதற்கு அர்த்தம் ஒன்றுதான். "ரீச்சர், ஆடு வாங்கியிருக்கிறியளோ?" என்று படலைக்குப் படலை கேட்டார்கள். இல்லை என்றேன். "அப்ப ஆருக்குக் குழை?" என்றார்கள். படம் அச்சடிக்க என்றேன். அவர்கள் முகத்தில் வந்த இரக்கத்தைப் பார்க்கவேண்டும் நீங்கள்! தினமும் அந்த இரக்கத்தைத் தாங்க ஏலாமல், கடைசியில் ஓர் ஆட்டை வாங்கியே விட்டேன். ஊர் நிம்மதி அடைந்தது. ஆடும் நிம்மதி அடைந்தது. வாங்கிய கிழமையிலேயே கட்டை அறுத்துக்கொண்டு வந்து, நான் கடதாசிகளுக்கிடையில் பக்குவமாய் அடுக்கி வைத்திருந்த இலைகள் அத்தனையையும் தின்றது. அச்சடித்த தாள்களை முகர்ந்து பார்த்துவிட்டு விட்டுவிட்டது. என் கலையைப் பற்றி எங்கள் ஊரில் வந்த முதலாவது விமர்சனம் அது. அதற்குப் பிறகு வந்த விமர்சனங்களில் அவ்வளவு நேர்மை இருந்ததில்லை.

சரி, இந்த அச்சு எப்படி ஆகிறது? கொழும்பிலே கேட்டார்கள், பத்திரிகையிலே கேட்டார்கள். இங்கே மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்லுவேன். ஏற்புரை என்பது கேட்காததைச் சொல்வதற்குக் கிடைக்கும் ஒரே உரிமை அல்லவா?

கைவிளக்கின் மேலே மண்சட்டியைக் கவிழ்த்துப் பிடித்த கரி. ஊர்காவற்றுறையில் தோணிக்குப் பூசுகிற எண்ணெய். இரண்டையும் குழைத்தால் மை. கடை மை கப்பலில் வராமற் போனதால், கப்பலுக்குப் பூசுவதே எனக்கு மையானது. பஞ்சைத் துணியில் பொதிந்து, மையில் தோய்த்து, இலையின் மேல் ஒற்ற வேண்டும். பூசக்கூடாது, ஒற்ற வேண்டும். இலையைத் துணியில் வைத்து, மேலே தாள் போட்டு, கையால் அழுத்தித் தேய்க்க வேண்டும். முதலாவது அச்சு எப்போதும் கறுத்துப் போகும்; இலை தன்னைப் பற்றி மிகைப்படுத்திச் சொல்லும், விழாவில் பேசுகிறவர்களைப் போல. இரண்டாவது அச்சில்தான் உண்மை வரும்.

இன்னொன்று. இலையின் மேற்பக்கத்தை எல்லோரும் புகழ்வார்கள். பச்சை, பளபளப்பு, பார்வைக்கு இதம். அந்தப் பக்கத்தில் மை ஒற்றிப் பாருங்கள். ஒரு கரிய திட்டு, அவ்வளவுதான். பளபளப்புக்கு அச்சு விழாது. இலையைத் திருப்புங்கள். மங்கிய பக்கம், மண்ணைப் பார்த்த பக்கம், ஒருவரும் பாராட்டாத பக்கம். நரம்பெல்லாம் அங்கேதான் புடைத்து நிற்கிறது. இலைக்கு நீர் கொண்டுபோனதும் இலையை நிமிர்த்தி வைத்திருப்பதும் அந்தப் பக்கம்தான். அச்சு விழுவதும் அந்தப் பக்கத்தில்தான்.

ஓவியர் ஒருவர் பூவைப் பார்க்கிறார், வரைகிறார். பூவுக்கும் அவருக்கும் இடையிலே தூரம் இருக்கலாம். அச்சுக்காரிக்கு அந்தத் தூரம் கிடையாது. மை இலையைத் தொடவேண்டும். இலை சீலையைத் தொடவேண்டும். கை இரண்டையும் தொடவேண்டும். தொடாமல் அச்சில்லை! எட்ட நின்று கும்பிட்டால் அச்சு விழாது! தொடாமல் அச்சில்லை, தோழர்களே, தொடாமல் அச்சே இல்லை!

கை தட்டுகிறீர்கள். எதற்குத் தட்டினீர்கள் என்பதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்திருங்கள்.

இனிக் கதைக்கு வருகிறேன். போன வருடம் கோவிலிலே கும்பாபிஷேகம் வந்தது. மூலஸ்தான வாசலுக்குப் புதிய திரைச்சீலை வேண்டும். முன்னெல்லாம் இந்தியாவிலிருந்து வரும். ஒரு புறம் மயில், ஒரு புறம் யானை, ஓரம் முழுதும் சரிகை. இப்போது துணி வராது. துணி வராமற் போனதும் தேசப்பற்று வந்தது. தலைவர் அவர்கள் என் வீட்டுக்கு எழுந்தருளினார்.

"ரீச்சர், எங்கடை மண்ணிலை கலை இல்லையோ? எங்கடை இலை, எங்கடை கொடி, எங்கடை கடல். ஏன் நாங்கள் பிறநாட்டானிட்டைப் போகவேணும்?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. மெய்யாகவே கலங்கியது. பரிகாசமில்லை. பிள்ளையாருக்கு முன்னால் என் இலைகள்! எந்தக் கலைக்காரிக்குக் கிடைக்கும் அந்தப் பேறு? ஊர்காவற்றுறையில் பாய்க்கப்பல்காரரிடம் புதுப் பாய்த்துணி வாங்கினேன். காற்றையே தாங்குகிற துணி. ஒரு பக்கத்து மை மறுபக்கம் தெரியாது. உச்சியில் எருக்கலையும் அறுகம்புல்லும், பிள்ளையாருக்குப் பிரியமானவை. நடுவிலே முழுப் பனையோலை விசிறியாய் விரிய வேண்டும். கீழே எங்கள் கடல்: கரையில் கடற்புல்லாய் ஒதுங்கிக் கிடக்கும் சாதாளை, அதற்கிடையில் ஒரு மீன்.

இலைகள் ஆயிற்று. பனையோலையில் நான் தோற்றுப்போனேன். அது பூவரசம் இலையைப் போல அடங்கிப் போகிற பிறப்பு அல்ல. மடிப்பு மடிப்பாய் விறைத்து நிற்கும். நான் அழுத்த அழுத்த அது எழும்பியது. மணிக்கட்டு வீங்கியது. அந்த ஓலையை வெட்டிக் கொண்டுவந்து தந்த பெண் இராசமணி. வடலிக் காணிப் பக்கம் குடியிருக்கிறார். அவர் வீட்டு ஆண்கள் பனை ஏறுகிறவர்கள். அவரை உங்களுக்குத் தெரியும். தெரியாதது போல் சிலர் கூரை மோட்டைப் பார்க்கிறீர்கள், மோட்டில் ஒன்றுமில்லை. அவர் பிள்ளையாரைத் தெருவில் நின்று கும்பிடுவார். அவருடைய தாயும் அதே தெருவில், அதே இடத்தில் நின்றுதான் கும்பிட்டார்.

இராசமணி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சொன்னார்:

"தள்ளுங்கோ ரீச்சர். நீங்கள் தேய்க்கிறதைப் பாத்தால் ஓலைக்குக் கிச்சுக் கிச்சு மூட்டுறது மாதிரிக் கிடக்கு."

உட்கார்ந்தார். உள்ளங்கையை வைத்தார். அழுத்தினார். ஓலை அடங்கியது. அன்று முதல் மை ஒற்றுவது நான், அழுத்துவது அவர். என் வீட்டில் அச்சு யந்திரம் இல்லை. அவருடைய இரண்டு கையும்தான் யந்திரம். அறுகம்புல்லையும் எருக்கலையையும்கூட, "அது சரியாய் விழேல்லை, திரும்ப வையுங்கோ" என்று அவரே இன்னொரு முறை அழுத்தினார். வாய் மட்டும் சும்மா இருக்காது. ஊரில் நடக்கிற சங்கதி முழுவதும் அவர் வாயால் வந்து என் காதில் அச்சானது. யார் யாருடைய சங்கதி என்று இப்போது சொல்லமாட்டேன். பயப்படாதீர்கள்.

பிறகு மீன். அல்லைப்பிட்டி ஜசிந்தா எங்கள் ஒழுங்கையால் மீன்கடகத்தோடு போகிறவர். வெள்ளிக்கிழமையில் எங்கள் பக்கம் திரும்பியும் பார்க்கமாட்டார். மாதாவைக் கும்பிடுகிற வேதக்காரர் வீடுகளுக்கு நேரே போய்விடுவார். அன்று அவருடைய கடகத்தில் ஒரு விளைமீன் கிடந்தது. செதில் ஒவ்வொன்றும் தேய்த்து வைத்த வெள்ளிக்காசு. நான் படலையைத் திறந்து கூப்பிட்டேன். ஜசிந்தா திடுக்கிட்டுப் போனார்.

"ரீச்சர், இண்டைக்கு வெள்ளி எல்லே?"

"தெரியும் ஜசிந்தா. தின்ன இல்லை, படத்துக்கு."

"அதையே ஐயோ, மெல்லமாய்ச் சொல்லுங்கோ. தின்ன எண்டாலும் சனம் மன்னிக்கும்."

எவ்வளவு ஞானம்! நான் கேட்கவில்லை. மீனுக்கு மை ஒற்றினேன், இராசமணி துணியை மூடி அழுத்தினார். செதில் செதிலாய், செட்டை செட்டையாய், கண் ஒன்று மட்டும் வெள்ளையாய், மீன் சீலையில் வந்து கிடந்தது. இராசமணி பேசாமல் இருந்ததை என் வாழ்நாளில் அந்த ஒருதரம்தான் கண்டேன்.

முடிந்ததும் மூலையில் நான் என் கையை மையில் ஒற்றிப் பதித்தேன். அதுதான் என் ஒப்பம். என் எல்லா அச்சுக்களிலும் இருக்கும். இராசமணி தன் கையைப் பார்த்தார், என் கையின் அச்சைப் பார்த்தார்.

"ரீச்சர், என்ரை கையும் பக்கத்திலை இருக்கட்டன். அழுத்தினது நானெல்லே?"

மறுக்க எனக்கு ஒரு நியாயமும் தெரியவில்லை. அவருடைய கை பதிந்தது. என் கையைவிட அகலமானது. ஓலை அறுத்த தழும்பு ஒன்று குறுக்கே வெள்ளைக் கோடாக விழுந்தது.

சீலையைக் கோவில் நிர்வாகசபை பார்வையிட வந்தது. பெரியோர்களே, உயர்நீதிமன்றத்தில்கூட அப்படி ஒரு விசாரணை நடந்திருக்காது! வெள்ளிக்கிழமை நான் மீன் வாங்கிய செய்தி, நான் மீனைக் கழுவி முடிக்கும் முன்பே ஊரைச் சுற்றி வந்துவிட்டது. தலைவர் கேட்டார்:

"ரீச்சர், இது கீறின மீனோ, மெய் மீனோ?"

"மெய் மீனிலை ஒற்றினது ஐயா."

"அப்ப மச்சம் பட்ட சீலை."

"இல்லை ஐயா, மை பட்ட சீலை."

"மச்சத்திலை பட்ட மை, மச்சமெல்லே?"

பாருங்கள் எங்கள் சைவத்தின் நுட்பத்தை! கையால் கீறி வரைந்த மீன் தூணிலே இருக்கலாம், கோபுரத்திலே இருக்கலாம், தேரிலே பவனி வரலாம். கடவுள் படைத்த மீன் வந்து தன்னைத் தானே பதித்தால் அது தீட்டு! மனிதன் செய்த மீன் சுத்தம், ஆண்டவன் செய்த மீன் அசுத்தம். இதை எந்தச் சாத்திரத்தில் படித்தார்கள் என்று நான் கேட்கவில்லை. சபையிலே இன்னொருவர் மிகக் கவனமாகக் கேட்டார்: "அதுக்குப் பிறகு அந்த மீனை என்ன செய்தனியள்?"

"முருங்கையடியிலை கிடங்கு வெட்டித் தாட்டனான்."

"விளைமீனையோ!" என்று ஒரு பெருமூச்சு வந்தது. அந்தப் பெருமூச்சிலே பக்தியைவிடப் பசி கூடியிருந்தது. யார் என்று கேட்காதீர்கள், முன்வரிசையில்தான் இருக்கிறார்.

ஐயர் நல்ல மனிதர். திருமால் எடுத்த முதல் அவதாரமே மச்சம் என்று சொன்னார். புண்ணியாகவாசனம் செய்து தீர்த்தம் தெளித்தால் எல்லாம் சரி என்றார். சபை மகிழ்ந்தது. மீன் பாசாகியது! வெள்ளிக்கிழமை மீன், வேதக்காரி கடகத்து மீன், செத்த மீன், மூலஸ்தான வாசல்வரை போகலாம் என்று ஏகமனதாகத் தீர்மானம் ஆயிற்று.

பிறகுதான் தலைவரின் கண் மூலைக்குப் போனது.

"இது உங்கடை கை. மற்றது ஆற்றை கை?"

"இராசமணியின்ரை."

மீனுக்காக அவ்வளவு நேரம் வாதாடிய சபை, இதற்கு வாதாடவே இல்லை. ஒருவரும் குரலை உயர்த்தவில்லை. அதுதான் என்னைச் சுட்டது. ஐயரைப் பார்த்தேன். அவர் தீர்த்தச் செம்பைப் பார்த்தார். மீனுக்குத் தெளிக்க இருந்த தீர்த்தம் கைக்கு இல்லாமற் போனது. தலைவர் மிகவும் தன்மையாகச் சொன்னார்: "ரீச்சர், சீலை வலு வடிவு. அந்த மூலையை மட்டும் வெட்டி விடுங்கோ. உங்கடை கைக்கு ஒண்டுமில்லை, ஆனால் ரெண்டும் பக்கத்திலை பக்கத்திலை கிடக்கு."

நான் சீலையைச் சுருட்டினேன். கும்பாபிஷேகம் பழைய மயிலோடும் பழைய யானையோடும் நடந்தேறியது. யானைக்குத் தும்பிக்கை கிழிந்திருந்தது. பிள்ளையார் பொறுத்துக்கொண்டார்.

இராசமணி வந்தார். சீலை ஏன் திரும்பி வந்தது என்ற காரணத்தை நான் சொல்லவில்லை. அவருக்குத் தெரியாதா? அவர் கேட்டது வேறு.

"ரீச்சர், எப்பவாவது சீலையைத் தொங்கவிட்டால் நான் கிட்ட நிண்டு ஒருக்காப் பாக்க ஏலுமே? பின்னாலை விளக்கு எரியேக்கை அந்த மீன் எப்பிடி இருக்குமெண்டு பாக்க ஆசை. தெருவிலை நிண்டால் மீனும் தெரியாது, என்ரை கையும் தெரியாது."

இவ்வளவுதான், சபையோரே. காணி கேட்கவில்லை, பதவி கேட்கவில்லை, பொன்னாடை கேட்கவில்லை. தான் செய்ததைக் கிட்ட நின்று ஒருதரம் பார்க்கக் கேட்டார். சித்திரம் படிப்பித்த இத்தனை வருடத்தில் ஒரு கேள்விக்கும் பதில் இல்லாமல் நின்றதில்லை நான். அன்று நின்றேன். வெட்கப்பட்டு நின்றேன்.

பிறகு சீலை கொழும்புக் கண்காட்சிக்குப் போனது. முதற் பரிசு வந்தது. பத்திரிகையிலே படம் வந்தது. இரண்டு கையும் தெளிவாய் வந்தது, இரண்டு பெயரும் தெளிவாய் வந்தது. கொழும்பு பாராட்டியதும் கூழாவடி விழித்துக்கொண்டது! விசரி கலைஞி ஆனாள். கரி கலை ஆனது. என்னுடைய வீட்டு நாய்கூடக் குரைத்து ஓய்ந்து போகும் அளவுக்கு வருகையாளர் வந்தார்கள். வருகிற கொடியேற்றத்துக்குச் சீலை வேண்டும் என்றார்கள். இன்று மாலை, இந்த மேடையில் ஏறுமுன், தலைவர் அவர்கள் என் காதோடு சொன்னார்: "வெட்ட வேண்டாம் ரீச்சர். மூலையை மடிச்சுத் தைச்சு விடுங்கோ, அவ்வளவு காணும்."

வெட்டு மடிப்பாகியிருக்கிறது. ஒரு வருடத்தில் இவ்வளவு முன்னேற்றம்! இந்த வேகத்தில் போனால் எங்கள் பேரப்பிள்ளைகளின் காலத்தில் ஊசி மட்டும் போதும்.

யார் அது, "சீலை எங்கை?" என்று கேட்கிறது? நல்ல கேள்வி. தலைவரும் கேட்டார், கொண்டு வந்தனான் என்றேன். பொறுங்கள், சொல்லுகிறேன். அதற்கு முன் இதைப் பாருங்கள். கத்தரிக்கோல். புதிதாய்த் தீட்டியது. மடிக்கவேண்டாம், தைக்கவேண்டாம். பெரியோர்கள் சொன்ன முதல் வார்த்தைக்கே நான் கட்டுப்படுகிறேன். வெட்டுவோம்! இராசமணியின் கை பட்ட இடத்தை எல்லாம் வெட்டுவோம்!

எங்கே தொடங்குவோம்? மூலையில் உள்ள கை போகட்டும். பனையோலை? அதை அழுத்தியது யார்? அதுவும் போகட்டும். மீன்? அதுவும் அவருடைய அழுத்தம்தான். போகட்டும். எருக்கலை போகட்டும். அறுகம்புல் போகட்டும். சாதாளை போகட்டும். எந்த நரம்பிலே அவருடைய கை இல்லை? எந்தச் செதிலிலே அவருடைய பாரம் இல்லை? எந்தக் கறுப்பு அவர் அழுத்தாமல் கறுத்தது? எல்லாம் போனால் என்ன மிஞ்சும்? ஓரத் தையல் மிஞ்சும். அந்தத் தையலை இழுத்துக் கட்டிப் பிள்ளையாருக்குத் திரை போடுவோமா? கையைக் கண்டதால்தானே கை என்கிறீர்கள்! மூலையிலே தெரிந்தது ஒரு கை; சீலை முழுவதும் தெரியாமல் இருப்பதும் அதே கைதான். சோற்றிலே இல்லையா அந்தக் கை? நீங்கள் விரிக்கிற பாயிலே, நீங்கள் முடைந்து கட்டுகிற வேலியிலே, உங்கள் பிள்ளைகள் தின்னும் பனாட்டிலே இல்லையா அந்தக் கை? தெருவிலே நிற்பது அவருடைய கால் மட்டும்தான். கை என்றைக்கோ உள்ளே வந்துவிட்டது!

தலைவர் அவர்களே, உங்கள் சோடாப் போத்தலைக் கொஞ்சம் தூக்குங்கோ.

ஓம் ஐயா, அந்தப் போத்தலைத்தான். செயலாளர், சந்தனக் கும்பாவை எடுங்கோ. விளக்கைப் பத்திரமாய் அங்காலை வையுங்கோ. பன்னீர்ச் செம்பையும். நன்றி. இப்போது, தலைவர் அவர்களே, இந்த விரிப்பின் ஒரு நுனியை நீங்கள் பிடியுங்கோ, மறு நுனியை நான் பிடிக்கிறேன். இனித் திருப்புவோம், அடிப்பக்கத்தை.

பாருங்கள், தாய்மாரே. நன்றாகப் பாருங்கள். அது பனையோலை. அது மீன். எழும்பிப் பாருங்கள், பின்னால் இருப்பவர்களே, மறைக்கிறதென்றால் கதிரையில் ஏறுங்கள். பிள்ளையாரின் திரைச்சீலை மாலை முழுவதும் உங்கள் முன்னால்தான் இருந்தது. விளக்கு ஏற்றினீர்கள் அதன்மேல். சந்தனம் எடுத்துப் பூசினீர்கள் அதன்மேல் இருந்து. தலைவரின் வலது கை எந்த இடத்தில் ஊன்றியிருந்தது என்று பார்த்தீர்களா? மூலையில். சரியாய் அந்த மூலையில். இரண்டு மணித்தியாலமாய் இராசமணியின் கைக்கு மேலே உங்கள் கையை வைத்திருந்தீர்கள் ஐயா! ஏதாவது செய்ததா? கை கருகியதா? காய்ச்சல் வந்ததா? "நல்ல மொத்தத் துணி" என்றல்லவா சொன்னீர்கள்!

சத்தம் போடாதீர்கள். தலைவரைப் பார்த்துச் சிரிக்கவேண்டாம். அவர் கெட்ட மனிதர் அல்ல. இலையின் மேற்பக்கத்தை மட்டும் பார்க்கப் பழகியவர், நாங்கள் எல்லோரும் பழகியது போல. நான் மட்டும் என்ன? இராசமணிக்கு என் வீட்டில் இன்றைக்கும் தனிக் கிளாசில்தான் தேத்தண்ணி. போன கிழமைதான் அதை நான் கவனித்தேன். அந்தக் கிளாஸ் இனி அலுமாரியில் மற்றக் கிளாசுகளோடு இருக்கும்.

ஆகவே இந்தச் சீலையைக் கோவிலுக்கு நான் மனமுவந்து கொடுக்கிறேன். முழுச்சீலையாய், மூலையோடு, மடிப்பில்லாமல். ஒரே ஒரு நிபந்தனை. கொடியேற்றத்தன்று இதைச் சுமந்து உள்ளே கொண்டுபோய்க் கட்டுவது நானும் இராசமணியும். என் கை ஒரு நுனியில், அவருடைய கை மறு நுனியில். பின்னால் விளக்கு எரியும்போது அவர் கிட்ட நின்று பார்க்க வேண்டும். அவருக்கு உள்ளே வர இடமில்லையென்றால் சீலைக்கும் இடமில்லை. எனக்கும் இனி அங்கே இடம் வேண்டாம். தெருவில் அவருக்குப் பக்கத்தில் நிற்கிறேன். அங்கே இடம் தாராளமாய் இருக்கும்.

யன்னலுக்கு வெளியே நிற்கிற இராசமணி! ஒளிக்க வேண்டாம், உம்மைக் கண்டிட்டன். உள்ளே வாரும். பின்படலையாலை இல்லை, முன்வாசலாலை வாரும். தலைவரிட்டை இருக்கிற நுனியை வாங்கிப் பிடிக்க ஆள் வேணும், எனக்குக் கை நோகுது.

வருகிறார். வழி விடுங்கள்.

தலைவர் எழும்புகிறார். கதிரையைப் பின்னால் தள்ளுகிறார். எழும்பிப் போகப் பார்க்கிறாரா, இடம் விட எழும்பினாரா என்று இங்கிருந்து எனக்குத் தெரியவில்லை. ஆனால் சபையோரே, சீலையின் மறு நுனி இன்னும் அவருடைய கையில் இருக்கிறது, கீழே விடவில்லை. மேடைக்கு இராசமணி வரும்போது எங்கள் தலைவர் எழுந்து நின்று, சீலையைக் கையில் ஏந்தி வரவேற்றார் என்றே நாளைக்கு நான் ஊர் முழுதும் சொல்லுவேன். பத்திரிகைக்காரருக்கும் சொல்லுவேன். நீங்கள் எல்லோரும் சாட்சி. ஐயா, இனி அந்த நுனியை அவவிட்டைக் குடுங்கோ.

குடுத்திட்டார்.

பேச அழைத்த வாசிகசாலைக்கும், பொறுமையாய் இருந்த பெரியோர்களுக்கும், உலை பொங்கி வழிந்தாலும் எழும்பாமல் இருந்த தாய்மாருக்கும், முருங்கையடியில் கிடக்கிற விளைமீனுக்கும் என் நன்றி. கும்பிட எனக்கு இப்போது கை இல்லை. இரண்டு கையாலும் சீலையைப் பிடித்திருக்கிறேன். இராசமணிக்கும் அப்படித்தான். சீலையில் இருக்கிற எங்கள் இரண்டு கைகளும் உங்களுக்குச் சொல்கின்றன: வணக்கம்.